புது உடல், பழைய எஞ்சின்

சீவலப்பேரி வட்டாரத்து முதியோர் காரைக் கார் என்று சொல்வது அபூர்வம். அவர்களுக்கு அது 'பிளசர்'. மாப்பிள்ளை பிளசரில் வந்து இறங்கினார் என்பார்கள். ஆண்டகை பிளசரில் வந்து உறுதிபூசுதல் கொடுத்தார் என்பார்கள். பேறுகால வலி கண்ட பெண்ணை நடுச்சாமத்தில் பிளசர் பிடித்துப் பாளையங்கோட்டை ஐகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சேர்த்ததையும் அதே சொல்லால்தான் சொல்வார்கள். இன்ப உலாவுக்குரிய வண்டி என்னும் பொருளில் ஆங்கிலேயர் இட்ட பெயர், சிற்றாறும் தாமிரபரணியும் கூடுகின்ற இப்பகுதியில் துன்பப் பயணத்துக்கும் ஆகிவந்துவிட்டது.

அந்தப் பிளசர்களில் பெரும்பாலானவை வங்காளத்தில் செய்யப்பட்ட அம்பாசடர். சில, பம்பாயில் செய்யப்பட்ட பியட். மூன்றாவதாக ஒன்றும் உண்டு. உருவில் சிறியது, பின்புறத்து இரு ஓரங்களும் மீன் துடுப்புப் போலச் சற்றே உயர்ந்திருக்கும். முன்மூடியைத் தூக்கினால் இருபுறத்து மட்கார்டுகளும் அதனோடு சேர்ந்து முன்பக்கமாகக் கவிழ்ந்துவிடும். எஞ்சின் முழுவதும் வெட்டவெளியில் நிற்கும். அதுவே ஸ்டாண்டர்டு ஹெரால்டு. அக்கார் வங்காளத்திலிருந்தோ பம்பாயிலிருந்தோ வந்ததன்று. சென்னைக்குத் தெற்கே, வண்டலூருக்கு அருகில், திருச்சி நெடுஞ்சாலைப் பக்கத்தில் செய்யப்பட்டது. நம் வாசகர்களில் பலர் அந்தத் தொழிற்சாலையைப் பேருந்திலிருந்தபடியே எத்தனையோ முறை கடந்து போயிருப்பார்கள். அங்கே கார் பிறந்ததும் இறந்ததும் எவ்வாறு என்பதை இம்மாதம் பார்ப்போம்.

கார் செய்யும் கம்பெனிகள் தோன்றுவதும் மறைவதும் உலகில் புதிதன்று. அமெரிக்காவில் 1896ஆம் ஆண்டில் துரியே சகோதரர் ஒரே மாதிரியில் பதின்மூன்று வண்டிகளைச் செய்து விற்றார்கள். அதன் பின் வந்த முப்பது ஆண்டுகளில் அந்நாட்டில் நூற்றுக்கணக்கான கார்க் கம்பெனிகள் முளைத்தன. சைக்கிள் கடைக்காரரும், குதிரைவண்டிக்குக் கூண்டு கட்டியவரும், தையல் இயந்திரம் செய்தவரும் கார் செய்யப் புறப்பட்டனர். அவர்களுள் மிகப் பலர் சில நூறு வண்டிகளைக்கூடக் காணாமல் கடையை மூடினர். போட்டி அவர்களை விழுங்கிற்று. நம் தமிழ் மண்ணிலும் ஆர்வத்துக்குக் குறைவில்லை. சென்னை சிம்சன் கம்பெனியில் பணியாற்றிய சாமுவேல் ஜான் கிரீன் என்பவர் 1903லேயே நீராவியால் ஓடும் கார் ஒன்றைச் செய்தார். நம் திருக்குறுங்குடியில் பிறந்த டி. வி. சுந்தரம் ஐயங்கார் முதல் உலகப் போருக்கு முன்பே பேருந்து ஓட்டத் துணிந்தார். கோவை ஜி. டி. நாயுடு 1952ல் இருவர் அமரும் சிறு கார் ஒன்றைச் செய்து காட்டினார். அதைப் பெருமளவில் செய்து விற்க அரசின் அனுமதி கிடைக்கவில்லை. அமெரிக்காவில் எவரும் தொடங்கலாம், எவரும் வீழலாம் என்றிருந்தது. நம் நாட்டிலோ தொடங்குவதற்கும் அனுமதி வேண்டும். தொடங்கியவருக்கு வீழ்ச்சி எளிதில் வராது. ஸ்டாண்டர்டின் கதையை இவ்வேறுபாட்டை மனத்திற்கொண்டே வாசிக்க வேண்டும்.

இங்கிலாந்தில் கவென்றி நகரில் 1903ல் ரெஜினால்டு மாட்ஸ்லி என்பவர் தொடங்கியது ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி. நொடித்துக் கிடந்த டிரையம்ப் கம்பெனியை அது 1945ல் வாங்கிற்று. நம் நாடு விடுதலை பெற்ற மறு ஆண்டில், அதாவது 1948ல், சென்னையைச் சேர்ந்த யூனியன் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து இந்திய ஸ்டாண்டர்டு கம்பெனி உருவாயிற்று. முதலில் வந்தது வான்கார்டு என்னும் பெரிய கார். பாகங்கள் பெட்டி பெட்டியாகக் கப்பலில் வரும். இங்கே பூட்டி, சாயம் பூசி, சாலையில் விடுவார்கள். அதன் பின் ஸ்டாண்டர்டு எட்டு, ஸ்டாண்டர்டு பத்து, பென்னன்ட் என்னும் சிறு கார்கள் வந்தன.

இந்த வான்கார்டை வாசகர்கள் சற்று நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். அது 1947ல் அறிவிக்கப்பட்ட கார். அதன் எஞ்சினுக்கு உடன்பிறப்பான ஒன்றைத்தான் அக்காலத்துச் சிறிய சாம்பல்நிறப் பெர்குசன் டிராக்டரிலும் பூட்டினார்கள். ஏர் இழுப்பதற்கும் ஊர்ப்பயணத்துக்கும் ஒரே குடும்பத்து எஞ்சின்! உறுதி மிக்கது, எளிதில் பழுதாகாதது, ஆனால் கனமானது. பின்னர் இதை மறுபடியும் சந்திக்கப் போகிறோம்.

வெளிநாட்டுப் பாகங்களைப் பூட்டி விற்பது மட்டும் தொழிலாகாது, பாகங்களை இங்கேயே செய்ய வேண்டும் என்று அரசு 1953ல் முடிவு செய்தது. அதற்கான திட்டம் இல்லாதவர்கள் கடையைக் கட்ட வேண்டியதாயிற்று. பம்பாயில் 1928 முதல் கார் பூட்டி விற்ற ஜெனரல் மோட்டார்ஸ் வெளியேறிற்று. போர்டு கம்பெனியும் வெளியேறிற்று. எண்ணூரில் ஆஸ்டின் கார் பூட்டிவந்த அசோக் மோட்டார்ஸ் 1955ல் அசோக் லேலண்டு எனப் பெயர் பெற்று லாரிக்குத் திரும்பிற்று. எஞ்சியவை கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களின் மூன்று கம்பெனிகள். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் இந்தியாவில் கார் வாங்க விரும்பியவர் இம்மூவரிடமே வரிசையில் நின்றார். எத்தனை கார் செய்யலாம் என்பதற்கு உரிமம். எந்த மாதிரி செய்யலாம் என்பதற்கு அனுமதி. 1969 முதல் சில ஆண்டுகள் விலையையும் அரசே குறித்தது.

இந்தக் காலத்தில்தான், 1961ல், ஹெரால்டு வந்தது. அதன் பிறப்பிலேயே ஒரு வேடிக்கை உண்டு. கவென்றியில் ஸ்டாண்டர்டு கம்பெனிக்குக் காரின் உடற்கூட்டைச் செய்து கொடுத்துவந்த தொழிற்சாலையைப் போட்டிக் கம்பெனி ஒன்று 1953ல் வாங்கிவிட்டது. முழுக் கூட்டையும் ஒரே வார்ப்பாக அழுத்தி எடுக்கும் வசதி இனிக் கிடையாது. ஆகவே பழைய வழிக்கே திரும்பினார்கள். மாட்டுவண்டியில் அச்சும் சட்டமும் ஒன்றாகவும் கூண்டு வேறாகவும் இருப்பதுபோல, கீழே தனிச் சட்டம். அதன்மேல் துண்டு துண்டாகச் செய்த உடற்பாகங்களை மரையாணியால் முடுக்கிவிடுவது. இத்தாலியரான ஜியோவான்னி மிக்கெலோட்டி அதற்கு அழகிய வடிவம் கொடுத்தார். முட்டுப்பாட்டில் பிறந்த இந்த அமைப்பு நம் நாட்டுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டையாயிற்று. பெரிய அச்சு இயந்திரங்கள் அதிகம் தேவையில்லை. துண்டுகளை ஒவ்வொன்றாக இங்கே செய்யக் கற்றுக்கொள்ளலாம். மோதி நசுங்கினாலும் அந்தத் துண்டை மட்டும் கழற்றி மாற்றலாம்.

ஓட்டுநர்களுக்கு அதில் மற்றொரு வசதி. இருபத்தைந்து அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். கோயில் தெருவில் தேர் திரும்பும் முனையில் அம்பாசடரை முன்னும் பின்னும் நான்கு முறை எடுத்துத் திருப்புகிற இடத்தில் ஹெரால்டு ஒரே வளைவில் திரும்பிப் போய்விடும். மெக்கானிக்கோ சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்துகொண்டு எஞ்சினைப் பழுது பார்க்கலாம், குனிய வேண்டியதில்லை.

குறையும் இருந்தது. பின்சக்கரங்கள் இரண்டும் தனித்தனியே ஊசலாடும்படி, குறுக்கே ஒரு வில்பட்டையைப் போட்டு அமைத்திருந்தார்கள். நால்வர் ஏறினால் நன்றாக ஓடும். நம்மவர் பழக்கம் நாம் அறிந்ததுதானே! மணமகனும் தோழனும் அத்தையும் இரண்டு சித்தியும் மடியில் பிள்ளைகளும் பின்னே சீர்ப்பெட்டியும் ஏறினால் பின்சக்கரங்கள் காலை அகட்டிக்கொண்டு நிற்கும். டயர் உள்பக்கமாகத் தேயும். நம் மெக்கானிக்குகளுக்கு அந்த அமைப்பு பிடிக்கவில்லை, வாங்கியவர்களுக்கும் பிடிக்கவில்லை. அதற்கு இரண்டே கதவுகள் என்பது இன்னொரு குறை. சேலையுடுத்திய வயதான அம்மையார் ஒருவர் முன்இருக்கையை மடக்கி, குனிந்து, பின்னிருக்கைக்குள் புகுவதை எண்ணிப் பாருங்கள்.

இங்கேதான் வண்டலூர்ப் பொறியியலாரைப் பாராட்ட வேண்டும். அறுபதுகளின் பிற்பகுதியில் அவர்கள் நான்கு கதவு வைத்த ஹெரால்டைச் செய்தார்கள். இங்கிலாந்தில் நான்கு கதவு ஹெரால்டு விற்பனைக்கு வந்ததே இல்லை. 1972ல் 'கேசல்' என்னும் பெயரில் வந்த காரில், ஊசலாடும் அச்சை எடுத்துவிட்டு, சுமை தாங்கும் ஒரே நீள அச்சை வைத்தார்கள். ஆக, இவர்களுக்குக் கைத்திறன் இல்லை, கற்பனை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. தாம் எந்த ஊரில் கார் விற்கிறோம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

ஆனால் எஞ்சின்? 1961ல் ஹெரால்டில் இருந்தது 948 கன சென்டிமீட்டர் எஞ்சின். 1972ல் கேசலில் இருந்ததும் அதுவே. இங்கிலாந்தில் அதே ஹெரால்டுக்கு 1147, பின்பு 1296 எனப் பெரிய எஞ்சின்கள் வந்தன, நமக்கு வரவில்லை. தாய்க் கம்பெனியை 1961ல் லேலண்டு வாங்கிவிட்டது. 1963ல் இங்கிலாந்தில் ஸ்டாண்டர்டு என்னும் பெயரையே கைவிட்டார்கள். தாய்நாட்டில் அழிந்த பெயர் வண்டலூரில் மட்டும் மேலும் இருபத்தைந்து ஆண்டுகள் உயிரோடிருந்தது. வேறு போட்டி இருந்திருந்தால் இது நடந்திராது. போட்டியின்மை ஒரு தொழிலைக் காப்பாற்றும் என்று அன்று நம்பினார்கள்; காப்பாற்றவும் செய்தது. புதிய எஞ்சின் செய்யக் கற்கவேண்டிய கட்டாயத்திலிருந்தும் அதுவே காப்பாற்றிவிட்டது என்பது என் கருத்து.

நம் பாளையங்கோட்டை மறைமாவட்டம் தோன்றிய 1973ஆம் ஆண்டின் இறுதியில் அரபு நாடுகள் எண்ணெய் விலையை உயர்த்தின. கார் வாங்குவோர் குறைந்தனர். கேசல் சிறு எண்ணிக்கையில், உரிமத்தைத் தக்கவைத்துக்கொள்வதற்காகவே செய்வதுபோல், 1977 வரை வெளிவந்து நின்றது. அதன்பின் கம்பெனி 'ஸ்டாண்டர்டு 20' என்னும் வேன் வண்டியைச் செய்து காலம் தள்ளிற்று. அந்த வேனை வாசகர்கள் பலர் கண்டிருப்பார்கள். ஆஸ்பத்திரி ஆம்புலன்சாகவும், பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் வண்டியாகவும் உழைத்தது அதுதான்.

எட்டு ஆண்டு மௌனத்துக்குப் பின், 1985ல், மீண்டும் ஒரு கார் வந்தது: ஸ்டாண்டர்டு 2000. பார்த்தவர் மயங்கும் அழகு. இங்கிலாந்தின் ரோவர் எஸ்.டி.1 என்னும் கார் அது. 1976ல் வெளிவந்து, மறு ஆண்டே ஐரோப்பாவின் ஆண்டுச் சிறப்புக் காராகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. அங்கே அதற்குள் எட்டு உருளை கொண்ட பெரிய எஞ்சினையும், பின்பு ஆறு உருளை எஞ்சினையும் வைத்தார்கள். வண்டலூரில் என்ன வைத்தார்கள்? நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்ன வான்கார்டு எஞ்சின்தான்! சற்றே திருத்தி, 1991 கன சென்டிமீட்டராக்கி, அந்த அழகிய உடலுக்குள் பொருத்தினார்கள். வெளிநாட்டிலிருந்து புது எஞ்சின் தருவிக்க அந்நியச் செலாவணி வேண்டும், அனுமதி வேண்டும். கையில் இருந்ததோ டிராக்டரின் உடன்பிறப்பு. முப்பத்தெட்டு ஆண்டு மூத்த எஞ்சின்.

புதிய இரசத்தைப் பழைய தோற்பையில் ஊற்றுவதைப் பற்றி நம் ஆண்டவர் சொன்னது நமக்குத் தெரியும். வண்டலூரில் நடந்தது அதன் மறுதலை: புதிய பையில் பழைய இரசம். இரசமாயின் பழையது நல்லதென்பார்கள். எஞ்சினுக்கு அம்முறை செல்லாது. பெரிய உடலை இழுக்க அது திணறிற்று, பெட்ரோலைக் குடித்தது. விலையோ மிக அதிகம். அதற்குள் 1983 டிசம்பரில் டில்லிக்கு அருகே குர்கானிலிருந்து மாருதி வெளிவந்துவிட்டது. ஜப்பானிய நுட்பம், 796 கன சென்டிமீட்டர் எஞ்சின், சிக்கனம், ஐம்பதாயிரம் ரூபாய் அளவில் விலை. முப்பது ஆண்டுகள் வராத போட்டி ஒரே நாளில் வந்து நின்றது. 1988ல் வண்டலூரில் கார் உற்பத்தி நின்றுவிட்டது.

மற்ற இரண்டு கம்பெனிகளும் நெடுநாள் தப்பவில்லை. பம்பாயின் பத்மினி புத்தாயிரம் பிறக்கும் வேளையில் நின்றது. அம்பாசடர் 2014ல் நின்றது. வண்டலூர்தான் முதலில் விழுந்தது.

பொருளாதாரம் எழுதுவோர் இந்த இடத்தில் 'சந்தை தீர்ப்பளித்தது' என்று எழுதி முடித்துவிடுவார்கள். நமக்கு அது போதாது. சந்தை தீர்ப்பளித்தது யாருக்கு? எந்த எஞ்சினை வைப்பது என்று முடிவு செய்தவர் தொழிலாளி அல்லர். உரிமம் கொடுத்தவரும் மறுத்தவரும் தொழிலாளி அல்லர். பிட்டராகவும் கடைசல்காரராகவும் சாயம் பூசுகிறவராகவும் தம் வாழ்நாளின் நல்ல பகுதியை அங்கே கழித்தவர், நாற்பத்தைந்து வயதில், பிள்ளைகள் பள்ளியில் படிக்கும்போது வாசலில் வந்து நிற்கவேண்டியதாயிற்று. அந்த வயதில் ஒரு கடைசல்காரரை எவர் புதிதாக எடுப்பார்? ஹெரால்டு பின்கதவின் வளைவை ஒரு மயிரிழை பிசகாமல் தட்டிச் சேர்க்கத் தெரிந்த கைக்கு வேறு எங்கே விலை?

பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர் 1981 செப்டம்பரில் மனித உழைப்பைப் பற்றி ஒரு சுற்றுமடல் விடுத்தார். முதலீட்டைவிட உழைப்புக்கே முதலிடம் என்பது அதன் மையம் என்பதைப் பலர் அறிவோம். அதில் அதிகம் பேசப்படாத ஒரு பகுதி உண்டு. கூலி கொடுக்கிறவர் மட்டும் முதலாளி அல்லர். மறைமுக முதலாளி என்றொருவரும் உண்டு என்கிறார் திருத்தந்தை. தொழில் எப்படி நடக்க வேண்டும் என்று சட்டத்தாலும் கொள்கையாலும் எல்லை வகுக்கும் அரசும் ஏனைய அமைப்புகளும் அந்த மறைமுக முதலாளிகள். தொழிலாளியின் நிலைக்கு அவர்களும் பொறுப்பாவார்கள் என்பது அவர் கருத்து. வண்டலூரை இந்தக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தால் படம் தெளிவாகிறது. முப்பது ஆண்டு கதவைப் பூட்டி வைத்ததும் அந்த மறைமுக முதலாளியே. ஒரே நாளில் கதவைத் திறந்ததும் அவரே. பூட்டியது தவறா, திறந்தது தவறா என்று வாதிடுவோர் வாதிடட்டும். பூட்டியிருந்த காலத்தில் தொழிலாளிக்கு வேறு தொழில் கற்பித்திருக்கலாம்; திறந்த நாளில் அவருக்கு ஒரு நடைபாலம் போட்டிருக்கலாம். இரண்டும் செய்யப்படவில்லை என்பதே என் வழக்கு.

இதை ஏதோ பழங்கதையாக எண்ணிவிடலாகாது. பேட்டைத் தொழிற்பயிற்சி நிலையத்தில் பிட்டர் வேலை படித்து முடிக்கும் நம் பிள்ளைகள் இன்றும் முதலில் எண்ணுவது ஸ்ரீபெரும்புதூரையும் ஒரகடத்தையும் மறைமலை நகரையும்தான். 1954 அளவில் வெளியேறிய அதே போர்டு கம்பெனி தொண்ணூறுகளில் திரும்பி வந்து, வண்டலூருக்குத் தெற்கே அதே நெடுஞ்சாலையில் மறைமலை நகரில் பெரிய தொழிற்சாலை கட்டிற்று. 2021 செப்டம்பரில் உற்பத்தியை நிறுத்தப்போவதாக அறிவித்தது. 2022ல் கடைசிக் கார் வெளிவந்தது. இழப்பீடு கேட்டுத் தொழிலாளர் போராடினார்கள். 2024ல், ஏற்றுமதிக்காக அத்தொழிற்சாலையை மீண்டும் பயன்படுத்த எண்ணுவதாக அக்கம்பெனியே அரசுக்கு எழுதிற்று. இம்முறை உரிமமும் இல்லை, பழைய எஞ்சினும் இல்லை. ஆயினும் வாசலில் நின்றவர் அதே பிட்டர்தான். ஆகையால் மகனுக்குக் கார்த் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது என்று மகிழும் பெற்றோர், அவன் அங்கே எந்த ஒரு வேலையைச் செய்கிறான், அந்த வேலை வெளியே எங்கு செல்லுபடியாகும் என்பதையும் விடுமுறைக்கு வரும்போது கேட்டறிய வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளியா நிரந்தரத் தொழிலாளியா என்பதையும் கேட்க வேண்டும். சம்பளத்தை மட்டும் கேட்கிறோம்.

வண்டலூர்த் தொழிற்சாலை நின்ற நிலத்தில் இப்போது கணிப்பொறிக் கம்பெனிகளின் உயர்ந்த கட்டடங்கள் நிற்கின்றன. பூட்டப்படாமல் கிடந்த பாகங்களுக்கு மட்டும் ஒரு தனிக் கதை உண்டு. இங்கிலாந்தில் அந்த ரோவர் காரின் உற்பத்தி 1986ல் நின்றுபோயிற்று. அதை விரும்பி வைத்திருந்த அந்நாட்டார் கதவுக்கும் மட்கார்டுக்கும் அலைந்தார்கள். அப்போது அங்குள்ள உதிரிப்பாக வியாபாரி ஒருவர் வண்டலூர் இருப்பை மொத்தமாக வாங்கிக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனார். நாற்பது ஆண்டுகளுக்கு முன் பெட்டிகளில் வந்த தொழில் பெட்டிகளிலேயே திரும்பிப் போயிற்று.

ஹெரால்டு மட்டும் அப்படிப் போய்விடவில்லை. பழைய கார்களைப் பேணும் அன்பர்கள் சிலரிடம் அது இன்றும் ஓட்டத்தில் இருக்கிறது. சென்னையிலோ கோவையிலோ பழங்கார் அணிவகுப்பு நடக்கும்போது வாய்ப்புள்ளவர்கள் பிள்ளைகளோடு போய்ப் பாருங்கள். நான்கு கதவு உள்ளதா என்று முதலில் எண்ணுங்கள். நான்கு இருந்தால் அது கவென்றிக் காரன்று, நம்மவர் செய்தது. பிறகு உரிமையாளரிடம் கேட்டு முன்மூடியைத் திறக்கச் சொல்லுங்கள்.